பார்வோனுக்கு நான் சொன்ன யோசனை

இருபத்துமூன்று வயதில் எனக்கு உபதேசியார் வேலை கிடைத்தது. எங்கள் சபையில் குருவானவரை ‘ஐயர்’ என்று கூப்பிடுவார்கள். அவருக்குப் பதினோரு ஊர். மாதத்தில் ஒரு ஞாயிறு மோட்டார் சைக்கிளில் வந்து திருவிருந்து கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவதும், பிரசங்கம் செய்வதும், கல்யாணம், சாவு என்றால் முன்னால் நிற்பதும் உபதேசியார் பொறுப்பு. எனக்குப் பிரசங்கத்தைவிட டைப்ரைட்டிங்தான் நன்றாக வரும். தஞ்சாவூரில் ஏதாவது ஆபீசில் கிளார்க்காக உட்கார்ந்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். அது கிடைக்கிறவரைக்கும் கர்த்தருடைய ஊழியத்தில் இருக்கலாம் என்று வந்தேன்.

கீழ்வேளூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு ஒரு மணி நேரம் நடந்தால் அந்தத் தெரு வரும். நாற்பது வீடுகள். எல்லாமே வைக்கோல் கூரை. ஜெபம் நடக்கிற கோயிலும் வைக்கோல் கூரைதான். சுவர் இடுப்பு உயரத்துக்கு எழும்பி நின்றுவிட்டது. அதற்கு மேல் காற்று. கரையில் போகிற எவரும் நின்று பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுப் போகலாம். எனக்கு இது ஆரம்பத்தில் பெருமையாக இருந்தது.

அது ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆன சமயம். கோட்டையில் கறுப்பு சிவப்புக் கொடி. எங்கள் வயல்வெளியில் சிவப்பு மட்டும். உழுகிறவனுக்கு நிலம் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். எங்கள் தெருவுக்கு மைக் செட் வந்தது, நிலம் வரவில்லை. சுற்றி இருந்த வயல் முழுக்க ஒரே மிராசுதாருடையது. தெருவில் இருந்த அத்தனை பேரும் அவருடைய பண்ணையில் நட்டு, அறுத்து, போரடித்துப் பிழைத்தார்கள்.

அந்த வருஷம் சம்பா அறுப்புக்கு முன்னால் விவசாயக் கூலிச் சங்கத்துக்காரர்கள் பண்ணைக்குப் போய்க் கலத்துக்கு, அதாவது பன்னிரண்டு மரக்காலுக்கு, அரை மரக்கால் நெல் கூடுதலாகக் கூலி கேட்டார்கள். கேட்டவர்களுக்குத் தலைமை நடவு ஆட்களைக் கூட்டிப் போகும் ஒரு அம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு தரம் கேட்டதை மறக்க மாட்டாள். நான் போன மாதம் சொன்ன பிரசங்கத்துக்கும் இந்த மாதம் சொன்ன பிரசங்கத்துக்கும் எங்கே முரண் என்று எனக்கே எடுத்துக் கொடுப்பாள். மிராசுதார் அவளிடம், “உங்களுக்கெல்லாம் வேல பத்தல, அதான் வாய் நீளுது” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. எதைப் பிரசங்கிப்பது என்று எனக்குக் கலக்கமாக இருந்தது. புதிய ஏற்பாட்டைத் திறந்தால் எந்தப் பக்கத்தில் எது இருக்குமோ தெரியாது. கூலி, வேலையாள், திராட்சைத் தோட்டம் என்று வந்துவிடும். பிறகு பண்ணையில் என்னைப் பார்க்கிற பார்வை மாறும். ஆகவே ரொம்பப் பழைய கதையாக, ரொம்பத் தூரத்தில் நடந்ததாகப் பார்த்து எடுத்தேன். எகிப்து. பார்வோன். மோசே போய் ஜனங்களை விடு என்று கேட்பது. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய சங்கதி, இதில் யாருக்கு என்ன மனத்தாங்கல் வரும் என்று நினைத்தேன்.

எகிப்தை நான் பார்த்ததில்லை. அதனால் பார்வோனைச் சொல்லும்போது, கண்ணில் பட்டிருந்த ஒரே பெரிய மனிதரைப் பார்த்துச் சொன்னேன் போலிருக்கிறது. பார்வோன் வரப்பில் நிற்கிறான், பக்கத்தில் ஒருத்தன் குடை பிடிக்கிறான், இன்னொருத்தன் வெற்றிலைப் பெட்டி வைத்திருக்கிறான் என்றெல்லாம் சொல்லிவிட்டேன். ஜனங்கள் என்றைக்குமில்லாமல் கவனித்தார்கள். கைக்குழந்தைகூட அழவில்லை.

நடுவில் அந்த அம்மாள் எழுந்தாள். பிரசங்கத்தின் நடுவே கேள்வி கேட்கிற வழக்கம் அந்தக் கோயிலில் அவளுக்கு மட்டும் உண்டு.

“உபதேசியாரே, அந்தப் பார்வோனுக்கு எத்தன வேலி நெலங்க?”

“நாடே அவனுதுதாம்மா.”

“சரி. மோசே போயி கேட்டாரே, கேட்டதுக்கப்பறம் அந்தச் சனங்களுக்கு வேல கொறஞ்சுதா, கூடுச்சா?”

“கூடுச்சு.” நான் வேதத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். “மண்ணு மிதிச்சு செங்கல் அறுக்கறதுதான் அவங்க வேல. மண்ணோட கலக்க ராஜா வைக்கோல் குடுத்துக்கிட்டு இருந்தான். மோசே கேட்டதும் அத நிறுத்திட்டான். நீங்களே தேடிக்குங்க, ஆனா செங்கல் ஒண்ணு கொறயக் கூடாதுன்னுட்டான்.”

“அப்ப சனங்க யாரத் திட்டுனாங்க? ராஜாவயா?”

“இல்லம்மா. மோசேயத் திட்டுனாங்க.”

“அதானே பாத்தேன்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

கேட்டால் ஏன் கஷ்டம் கூடுகிறது, கூடும் என்று தெரிந்தும் கர்த்தர் ஏன் மோசேயை அனுப்பினார் என்று அடுத்துக் கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. அவசரமாக ஞானப்பாட்டுக்குப் போய்விட்டேன்.

பாட்டு முடிவதற்குள் வாய்க்கால் கரையில் ஒரு குடை நகர்ந்து போனதைப் பார்த்தேன். பண்ணையின் காரியக்காரர். ஒல்லியான மனிதர். வெயிலோ மழையோ, குடை இல்லாமல் அவரைக் கண்டவர் இல்லை.

திங்கட்கிழமை காலை ஆள் வந்தது. மிராசுதார் கூப்பிடுகிறார்.

நான் வாசல் வழியாகப் போகவில்லை. என்னைப் போன்றவர்களுக்குக் கொல்லைப்பக்கம்தான் வழி. மாட்டுக்கொட்டகைக்கும் கிணற்றுக்கும் நடுவே நிற்க இடம் காட்டினார்கள். உட்காரச் சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் எங்களுக்குக் கிடையாது. மிராசுதார் தாழ்வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, நொச்சி இலை போட்ட வெந்நீர் அண்டாவில் ஒரு காலை விட்டிருந்தார். அவருக்கு மூட்டு வலி. நெற்றி நிறைய விபூதி. கத்துகிறவர் இல்லை. மெதுவாகத்தான் பேசுவார். அதுதான் எனக்கு அதிகப் பயம்.

“யாருய்யா அது பார்வோன்?”

“எகிப்து ராஜாங்க ஐயா. ரொம்பக் காலத்துக்கு முந்தி.”

“எங்க இருக்கு அது?”

“கடல் தாண்டிங்க. நைல்னு ஒரு ஆறு. அந்த ஆத்தோட டெல்டாங்க.”

“டெல்டாவா?” அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “என்ன சாகுபடி?”

“கோதுமைங்க.”

“ஆத்துல தண்ணி ஒழுங்கா வருமா?”

“வருஷா வருஷம் வெள்ளம் வந்து வண்டல் போட்டுட்டுப் போகும்னு படிச்சிருக்கேங்க.”

“குடுத்து வச்சவன்” என்றார். “நமக்கு மேட்டூர்க்காரன் கதவத் தொறந்தாத்தான். சரி, சொல்லு. சனங்க என்ன கேட்டாங்க?”

“மூணு நாள் வனாந்தரத்துக்குப் போயி சாமி கும்பிட்டு வரணும்னு கேட்டாங்க.”

“அறுப்பு சமயத்துலயா?”

“வேதத்துல அப்படிப் போடலங்க ஐயா.”

“அறுப்பாத்தான் இருக்கும். அப்பத்தான் கேப்பானுவ.”

என் பயம் கொஞ்சம் தெளிந்தது. அவர் கோபப்படவில்லை. கதை கேட்டார். எனக்கு அதுவரை யாரும் இப்படி உற்சாகமாகக் கதை கேட்டதில்லை. குரலை ஏற்றி இறக்கிச் சொன்னேன். உங்களுக்கு வேலை பத்தவில்லை, அதனால்தான் இப்படிப் பேச்சு வருகிறது என்று பார்வோன் சொன்னதைச் சொன்னபோது, காரியக்காரரைத் திரும்பிப் பார்த்து, “நான் சொன்னதேதான்” என்றார். பிறகு வைக்கோல் கட்டத்துக்கு வந்தேன். வைக்கோலை நிறுத்தியதையும் செங்கல் எண்ணிக்கையைக் குறைக்காததையும் கை ஆட்டிச் சொன்னேன்.

மிராசுதார் அண்டாவிலிருந்து காலை வெளியே எடுத்தார்.

“வைக்கோல நிறுத்திட்டானா” என்றார். “கெட்டிக்காரன்யா.”

அந்த நேரம் ஒருவன் ஓடி வந்து டிராக்டர் சேற்றில் மாட்டிக்கொண்டது என்றான். மிராசுதார் காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “சரி, நீ போ. நல்லாத்தான் சொல்ற” என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் வாய்க்கால் கரையோடு திரும்பினேன். ஒரு ஆத்துமாவைக் கர்த்தரிடம் கொஞ்சம் நகர்த்திவிட்ட நினைப்பு எனக்கு. வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை அறுப்புத் தொடங்கியது. களத்தில் முதல் கட்டு வந்து இறங்கியதும் காரியக்காரர் குடையை மடக்கிவிட்டு உத்தரவு சொன்னார். இந்த வருஷம் யாருக்கும் வைக்கோல் கிடையாது. கூரைக்கு வேண்டுமென்றால் அவரவர் எங்காவது போய்ப் பொறுக்கிக்கொள்ளட்டும். அறுப்பு மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

அறுப்பு முடிந்ததும் வீட்டுக்கு இத்தனை கட்டு வைக்கோல் என்று அங்கே எப்போதும் உண்டு. யாரும் கேட்டு வாங்கியதில்லை, யாரும் தயவாகக் கொடுத்ததுமில்லை. அந்த வைக்கோலில்தான் பங்குனியில் கூரையை மாற்றி வேய்வார்கள். அது இல்லையென்றால் ஐப்பசி மழையில் குழந்தைகளை எங்கே படுக்க வைப்பது என்று கேள்வி. களத்தில் ஒரு கிழவர், “இது எங்கயோ கேட்ட மாரி இருக்கே” என்றார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் நான் தீர்க்கதரிசி ஆகிவிட்டேன். உபதேசியார் முன்கூட்டியே சொன்னார், ரெண்டே நாளில் நடந்தது என்று தெரு முழுக்கப் பேச்சு. சீக்குக் கோழியைக் கொண்டுவந்து ஜெபிக்கச் சொன்னார்கள். பக்கத்துத் தெருவில் காணாமல் போன ஆடு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டார்கள். தெற்கே என்றேன். நடந்ததை நான் ஒருவன்தான் அறிவேன். இருந்தும் யாருக்கும் மறுத்துச் சொல்லவில்லை. ஒரு நாள் அப்படி ஓடியது. ஆடு வடக்கே அகப்பட்டது.

புதன்கிழமை அந்த அம்மாள் வந்தாள். அறுவாளை இடுப்பில் செருகியபடியே கோயில் சுவரில் கையை ஊன்றி நின்றாள்.

“உபதேசியாரே, ஞாயித்துக்கெழம நீங்க கதை சொன்னீங்க. திங்கக்கெழம பண்ணைக்குப் போனீங்க. செவ்வாக்கெழம வைக்கோல் நின்னு போச்சு. இதுல தீர்க்கதரிசனம் எங்கேருந்து வந்துச்சு?”

நான் ஒத்துக்கொண்டேன். அவர் கேட்டார், நான் சொன்னேன், கெட்டிக்காரன் என்றார், எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது வீட்டுக் கூரையை வாயால் பிரித்துவிட்டோமே என்று இருந்தது.

அவள் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. “கதைய எதுவரைக்கும் சொன்னீங்க?” என்றாள்.

“வைக்கோல் வரைக்கும்.”

“மீதி?”

“சொல்லலம்மா. டிராக்டர் மாட்டிக்கிச்சுன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு.”

“பாதியில விட்டா அப்படித்தான் ஆவும். போயி மீதியயும் சொல்லிட்டு வாங்க.”

எனக்குப் பண்ணைக்குப் போகப் பயம். ஆனால் அவளிடம் முடியாது என்று சொல்லவும் பயமாக இருந்தது. இரண்டு பயத்தில் எது பெரியது என்று பார்த்தேன். பண்ணை ஒரு மைல் தள்ளி இருந்தது, அவள் எதிரே நின்றாள்.

அதற்குள் தெருவில் சில ஆண்கள் அவளையே குறை சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அரை மரக்கால் கேட்கப் போய் வைக்கோலும் போச்சு, சும்மா இருந்திருந்தால் கூரையாவது மிஞ்சியிருக்கும் என்றார்கள். அவள் களத்தில் நின்று பதில் சொன்னாள்: “நாம கேக்காத வருசமும் கூலி ஏறல. கேட்ட வருசம் அவருக்குக் கோவமாவது வந்துருக்கு. வைக்கோல் நமக்கு இல்லன்னு சொல்லிட்டாரு. அப்ப வைக்கோலத் தொடுறதும் நம்ம வேல இல்ல. நெல்ல அடிச்சுக் குடுப்போம். தாள அப்படியே போட்டுட்டு வருவோம்.”

அப்படியே செய்தார்கள். நெல் அடித்துத் தூற்றி அளந்து கொடுத்தார்கள். உத்தரவுப்படி ஒரு நாளும் தள்ளவில்லை. வைக்கோலை மட்டும் உதறிய இடத்திலேயே விட்டுவிட்டு வந்தார்கள். களம் முழுக்க இடுப்பளவு வைக்கோல். மாடு மேய்கிறவன்கூட அதைக் கடக்க முடியாமல் சுற்றிக்கொண்டு போனான்.

நான் வெள்ளிக்கிழமை கொல்லைப்பக்கம் போய் நின்றேன். மிராசுதாரின் மற்றொரு கால் அண்டாவில் இருந்தது.

“என்ன உபதேசி?”

“கதையில மீதி இருக்குங்க ஐயா.”

“சொல்லு.”

சமையலறை வாசலில் அந்த வீட்டம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். பார்வோன் ஜனங்களை விடாததால் கர்த்தர் அனுப்பிய பத்து வாதைகளை ஆரம்பித்தேன். ஆறு ரத்தமானது. தவளைகள் வந்தன.

“தவள நல்லதுய்யா” என்றார் மிராசுதார். “பூச்சியத் தின்னும்.”

பேன், வண்டு, மாட்டுக்கு வந்த நோய், உடம்பெல்லாம் கொப்புளம் என்று சொல்லிக்கொண்டே போனேன். மாட்டு நோய்க்கு மட்டும் கொஞ்சம் முகம் சுருங்கினார். கல்மழை. வெட்டுக்கிளி. மூன்று நாள் இருட்டு.

“கரண்டு போனா இங்கயும் அப்படித்தான்.”

கடைசிக்கு வந்தேன். வீட்டுக்கு வீடு மூத்த பிள்ளை செத்ததைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் மூத்த பிள்ளை தஞ்சாவூரில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். தலையைக் குனிந்துகொண்டு வேகமாகச் சொல்லி முடித்தேன். முறம் நின்றது.

“ராஜா வீட்லயுமா?” என்றார் வீட்டம்மாள்.

“ஆமாங்கம்மா.”

“மொதல்லயே விட்டுருக்கலாமே அவன். அத்தன தரம் சொல்லியும் கேக்கலயா?”

“ஒவ்வொரு தரமும் சரிம்பாருங்க. கஷ்டம் தீந்ததும் மனசு கல்லாயிடும்.”

“அந்த ராஜாவோட சம்சாரம் ஒண்ணும் சொல்லலயா?”

“அவங்களப் பத்தி வேதத்துல ஒண்ணும் இல்லங்கம்மா.”

“இருக்காது” என்றார். “யாரு அவள்ட்ட கேட்டா.”

மிராசுதார் சிரித்து, “கட்டுக்கதைக்கு என்ன விசாரண” என்றார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

மறுநாள் காரியக்காரர் தன் மச்சான்கள் நான்கு பேரைக் கூட்டி வந்து வைக்கோல் போர் போட முயன்றார். போர் போடுவது பார்க்கச் சுலபம். அடி அகலமாக வைத்து, சுற்றி மிதித்து, மழைத் தண்ணீர் வடிகிற மாதிரி உச்சி கட்ட வேண்டும். இவர்கள் ஒரே பக்கம் மிதித்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் போர் ஆளுயரம் தாண்டி வளர்ந்து, தெற்குப் பக்கம் சாய்ந்து நின்றது. காரியக்காரர் உச்சியில் ஏறிக் குடையோடு நின்று, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கை காட்டினார். வரப்பில் எங்கள் தெருவே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. அந்த நடவு அம்மாள் மட்டும், “ஐயா, வடக்கால மிதிங்க, வடக்கால” என்று மரியாதையாகச் சொன்னாள். அவர் வடக்குப் பக்கம் மிதிக்க ஓர் அடி எடுத்து வைத்தார். போர் அவரையும் சேர்த்துத் தெற்கே படுத்துக்கொண்டது. குடை மட்டும் நட்டுக்குத்தலாக நின்றது. அவரைத் தோண்டி எடுத்தவர்கள் எங்கள் தெரு ஆண்கள்தான். வைக்கோலைத் தொடக் கூடாது என்ற முடிவுக்கு அந்த ஒரு விலக்கு கொடுத்தார்கள்.

அன்றைக்கு ராத்திரி பருவம் தப்பிய மழை. வைக்கோல் நனைந்து, அடுத்த நாள் வெயிலில் சூடேறி, புளித்த வாடை பண்ணை வீட்டு வாசல்வரை வந்தது. பிரித்துக் காய வைக்க ஆள் இல்லை. ஒரு கறவைப்பசு தீனி எடுக்கவில்லை. வேறொன்றுமில்லை, புளித்த வைக்கோலை எந்த மாடும் தின்னாது. ஆனால் மாட்டு நோய் எத்தனையாவது வாதை என்று கேட்டு அந்த வீட்டம்மாள் எனக்கு ஆள் அனுப்பினார். ஐந்தாவது என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் அவர் கணவரிடம் சொன்னதை அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண் எங்களுக்கு அப்படியே ஒப்பித்தாள். “கெழக்க இருக்கற ரெண்டு வேலி எங்க அப்பா குடுத்த சீதனம். அதுல வெளஞ்ச வைக்கோல் என்னுது. அத நான் அந்தச் சனங்களுக்குக் குடுக்கறேன். உங்க வைக்கோல நீங்க வச்சுக்குங்க. எம்புள்ளைய வச்சு யாரும் கத சொல்ல வேணாம்.”

மிராசுதார் ஒரு நாள் தள்ளிப்போட்டார். பிறகு, எப்படியும் அழுகப்போகிற வைக்கோல்தானே, எல்லாவற்றையும் தூக்கிப் போகச் சொல் என்று காரியக்காரரிடம் சொன்னார். கூலி மட்டும் ஏறவில்லை. தெரு ஒரே பகலில் களத்தைச் சுத்தமாக்கியது. அதைப் பிரித்து உலர்த்திப் பங்குனியில் கூரை வேய்ந்தார்கள். எனக்கும் கட்டு எடுத்துக் கொடுக்கும் வேலை தந்தார்கள்.

அந்த மாதம் ஐயர் வந்தார். திருவிருந்து முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார். மிராசுதார் அவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறார்.

“தம்பி, பிரசங்கம் கோயில்ல சொல்றதுக்கு. மாட்டுக்கொட்டகையில யாருக்குச் சொன்னே?”

“அவரு கேட்டாருங்க ஐயர்.”

“கேட்டா வேதத்துலேருந்து ஒரு சங்கீதப் பாட்டச் சொல்லிட்டு வர்றது.”

என்னை வேதாரண்யத்துப் பக்கம் உப்பளத் தெரு ஒன்றுக்கு மாற்றினார். அங்கே ஒரு வருஷம் மலையைப் பற்றியும் நட்சத்திரங்களைப் பற்றியும் மட்டும் பிரசங்கம் செய்தேன்.

மறு வருஷ அறுப்பில் என் பழைய தெருக்காரர்கள் மறுபடியும் கூலி கேட்டார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். இவர்கள் வயலில் குறுக்கே உட்கார்ந்தார்கள். நடவு அம்மாளையும் இன்னும் சிலரையும் பிடித்து நாகப்பட்டினத்தில் காவலில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, காலை பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். இளைத்திருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, நான் கொண்டுபோன வெற்றிலையை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

“எப்படிம்மா இருக்கீங்க?”

“கல்லுக் கட்டடம். ஒழுகல” என்றாள். “அங்க என்ன ஆச்சாம்?”

வெளியூர் ஆட்களும் இவர்கள் கேட்ட கூலியையே கேட்டுக்கொண்டு நிற்கிறார்களாம், தாசில்தார் இரண்டு தரப்பையும் பேசக் கூப்பிட்டிருக்கிறாராம் என்று நான் கேட்டதைச் சொன்னேன். அவள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். ஐந்தாறு நாளில் வெளியே விட்டார்கள். கலத்துக்கு அரை மரக்கால் கூடுதல் என்று கையெழுத்தான தகவலை அவளே யாரையோ எழுத வைத்துத் தபால் கார்டில் அனுப்பியிருந்தாள். கார்டின் அடியில், புதிதாக வந்திருக்கும் உபதேசியாருக்குக் கதை சொல்ல வரவில்லை என்றும், பாட்டு மட்டும் நன்றாகப் பாடுகிறார் என்றும் இருந்தது.